எலும்புக்காக வந்த டைட்டானியம்

அன்புள்ள விவேக்,

நம் குடும்ப வாட்ஸப் குழுவில் நீ எழுதியதைப் படித்தேன். "அப்பாவுக்கு மனுஷங்களைவிட ரூல்ஸ்தான் பெருசு. மாமாகிட்ட மன்னிப்புக் கேக்கலேன்னா அவர் என் கல்யாணத்துக்கு வரவேண்டாம்." அதற்குக் கீழே உன் பெரியம்மா கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார். திருச்சியில் இருக்கும் உன் சித்தப்பா கட்டைவிரலை உயர்த்தினான். எதற்கு ஆதரவாக உயர்த்தினாய் என்று தொலைபேசியில் கேட்டேன். "பொதுவா போட்டேன்ணே" என்றான். நீ பலர் முன்னிலையில் கேட்டிருக்கிறாய். ஆகவே பலர் முன்னிலையிலேயே பதில் சொல்வதுதான் முறை. இந்தக் கடிதத்தையும் அதே குழுவில் பதிகிறேன். நீளமாக இருக்கும். பொறுமை இல்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஏன் என்று அறிய விரும்புகிறவர்கள் மேலே படிக்கலாம். நீ மட்டும் கட்டாயம் படிக்க வேண்டும்.

குழுவில் இருக்கும் எல்லோருக்கும் நம் தொழில் தெரியும் என்று சொல்ல முடியாது. பெங்களூர் பீன்யாவில் நம் பட்டறையில் முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் தகடுகளும் திருகாணிகளும் செய்கிறோம். அவற்றுக்கான டைட்டானியம் ராடு, அதாவது நீளக் கம்பி, வெளிநாட்டிலிருந்து வருகிறது; நமக்கு வேண்டிய தரத்தில், நம்மைப் போன்ற சிறு பட்டறை வாங்கக்கூடிய அளவில், இங்கே கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும் சுங்கவரி உண்டு. ஒரு காலத்தில் அந்த வரி தலைகீழாக இருந்தது. செய்து முடித்த திருகாணியை அப்படியே இறக்குமதி செய்தால் வரி குறைவு. அதைச் செய்வதற்கான ராடை இறக்குமதி செய்தால் வரி அதிகம். அரிசிக்கு அதிக வரியும் தோசைக்குக் குறைந்த வரியும் போட்டால் எந்த ஓட்டல்காரர் மாவு அரைப்பார்? பக்கத்து ஊரிலிருந்து தோசையை வாங்கி வந்து சூடு பண்ணிக் கொடுப்பார். எங்களில் பலர் அப்படித்தான் ஆனார்கள். லேத் என்னும் கடைசல் எந்திரங்களை விற்றுவிட்டு, வெளிநாட்டுத் திருகாணியை வாங்கித் தங்கள் பெயரை அச்சடித்த பெட்டியில் போட்டு விற்றார்கள். உன் பள்ளிப் பருவத்தில் பீன்யாவில் நம் தெருவில் எந்திரச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றுபோனது உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது.

பிறகுதான் சலுகை வந்தது. எலும்புக்கான பொருள் செய்கிறவர் ராடை இறக்குமதி செய்தால் குறைந்த வரி. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த ராடிலிருந்து எலும்புக்கான பொருளை மட்டுமே செய்ய வேண்டும். செய்வேன் என்று முன்கூட்டியே உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு பயன்பட்டது என்று மாதந்தோறும் தெரிவிக்க வேண்டும். இந்தச் சலுகை நிரந்தரமானது இல்லை. காலக்கெடு நெருங்கும்போதெல்லாம் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். நீ "அப்பா எப்பவும் பட்ஜெட் அன்னைக்கு டிவியைவிட்டு நகரமாட்டார்" என்று கேலி செய்வாயே, அது இதற்காகத்தான்.

சலுகை கேட்டு நாங்கள் போன கூட்டம் ஒன்றைப் பற்றி உனக்கு நான் சொன்னதில்லை. பெங்களூரிலேயே ஒரு மண்டபத்தில் சிறு உற்பத்தியாளர்களின் கருத்தைக் கேட்க அதிகாரிகள் வந்திருந்தார்கள். எங்களில் ஒருவர் பின் ஒருவராக வேலைவாய்ப்பு, அந்நியச் செலாவணி, தன்னிறைவு என்று பேசினோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஓர் அதிகாரி, வயதில் என்னைவிட இளையவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "குறைந்த வரியில் வாங்கிவிட்டு நீங்கள் இதை வெளிச்சந்தையில் விற்றால் நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?" நான் எழுந்து நின்று, "உங்களால் கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் விற்க மாட்டோம்" என்றேன். பக்கத்தில் இருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பின்வரிசையில் சிரித்தார்கள். வெளியே வந்ததும் இன்னொரு பட்டறைக்காரர், "யோவ், கண்டுபிடிக்க முடியாதுன்னு நீயே சொல்லிட்டு வர்றியே, உன்னையெல்லாம் யார்யா பேசச் சொன்னது?" என்று தலையில் அடித்துக்கொண்டார். சலுகை வந்தது நான் பேசியதால் அல்ல. பெரிய நிறுவனங்களும் கேட்டன, மருத்துவர்களும் கேட்டார்கள். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னவன் நான். யாரும் எழுதிக்கொள்ளவில்லை, அந்த அதிகாரிக்கே இப்போது நினைவிருக்காது. சொன்னவனுக்கு நினைவிருக்கிறது.

இனி உன் நிச்சயதார்த்த நாளுக்கு வருகிறேன். குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேர் பார்த்தவர்களிடமிருந்து இன்னும் சுவையாகக் கேட்டிருப்பீர்கள். நடந்தது இது. பிரேசர் டவுன் மண்டபத்தில் தட்டு மாற்றி முடித்துப் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். உன் வருங்கால மாமனார், நீ மாமா என்று எழுதியவர், என் பக்கத்து இலை. ஜே.சி. ரோட்டில் வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கும் மனிதர். வாய் நிறையச் சிரிப்பவர். பெரிய மோட்டார் சைக்கிள்கள் என்றால் உயிர். அவர் என் தோளில் கைபோட்டு உரக்கச் சொன்னார்: "சம்பந்தி! நீங்க குடுத்தனுப்பின ராடு இருக்கே, சூப்பர். கைல எடுத்தா வெயிட்டே தெரியல. நம்ம கிளப் பசங்க பைக்குக்கு டைட்டானியம் போல்ட் வேணும் வேணும்னு உசிரை எடுத்தாங்க. மாப்ள ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு."

"எந்த ராடு?" என்றேன்.

"உங்க ஃபேக்டரி ராடுதான். மிச்சம் கிடந்துச்சாமே?"

நான் உன்னைப் பார்த்தேன். நீ பாயசத்தைப் பார்த்தாய். அந்த ஒரு பார்வையில் எனக்கு எல்லாம் புரிந்தது. முந்தைய ஞாயிற்றுக்கிழமை பட்டறைச் சாவியை நீ கேட்டு வாங்கிப் போனதும், நீளமாக எதையோ ஏற்றியதுபோல் காரின் முன் இருக்கை சாய்ந்தே கிடந்ததும், உன் அம்மாவின் போர்வையில் எண்ணெய்க் கறை இருந்ததும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. "அது மிச்சம் இல்லை. எலும்புக்காக வந்தது. அதை வெளியில் கொடுப்பது திருட்டு" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். உன் அம்மா நான் கத்தியதாகச் சொல்கிறாள்.

"திருட்டா? யாரைச் சொல்றீங்க? சம்பந்தி வீட்டுக்கு சம்பந்தி வீட்டுலேர்ந்து ஒரு இரும்புத் துண்டு வந்தா அது திருட்டா?"

"இரும்பு இல்லை. டைட்டானியம்."

"அதுதான் இப்ப ரொம்ப முக்கியம்!" என்று எதிர்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள். அவர் எழுந்துவிட்டார். எச்சில் கையை உதறிக்கொண்டே, "சர்க்கார் தயவுல வரியைக் குறைச்சு வாங்கித் தொழில் பண்றவரு. நம்மளப் பாத்து திருடன்றாரு" என்று மண்டபத்துக்கே அறிவித்தார். அப்போது நீ எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாய். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கோபத்தில் இருக்கும் விருந்தாளியின் பக்கத்தில் ஒருவர் நிற்கத்தான் வேண்டும். ஆனால் நின்றதோடு நீ விடவில்லை. "அப்பா எப்பவும் இப்படித்தான் மாமா, விடுங்க" என்றாய். இப்படித்தான் என்றால் எப்படி என்பதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்தத் தயவு என்ற சொல். சலுகை என்பது பிச்சை என்று அவர் நினைக்கிறார். நீயும் அப்படித்தான் நினைக்கிறாய் என்பதை அன்று அறிந்தேன். நாம் கட்டாத வரி எதுவும் இல்லை. லாபத்துக்குக் கட்டுகிறோம், விற்பனைக்குக் கட்டுகிறோம், எந்திரத்துக்கும் அதன் எண்ணெய்க்கும் கட்டுகிறோம். தலைகீழாக நின்ற ஒன்றை நேராக நிறுத்தச் சொல்லிக் கேட்டோம், நிறுத்தினார்கள். அதை வாங்கிக்கொண்டதற்காக நான் யார் முன்னும் தலைகுனிய மாட்டேன். ஆனால் அந்தத் தலை நிமிர்ந்து நிற்பது ராடு எலும்புக்குப் போகும் வரையில்தான். அது போல்ட்டாக மாறி ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் பளபளக்கும் அன்று உன் மாமனார் சொன்ன சொல் உண்மையாகிவிடும். அவர் என்னைத் திட்டிய அதே வாயால், அந்தத் திட்டை மெய்யாக்கும் பொருளைத் தன் கடையில் வைத்திருந்தார். அதை அங்கே விட்டுவைக்க நான் தயாராக இல்லை.

மறுநாள் காலை நானும் மஞ்சுநாத்தும் ஜே.சி. ரோட்டுக்குப் போனோம். மஞ்சுநாத் நம் பட்டறை மேற்பார்வையாளர் என்பது குழுவில் சிலருக்குத் தெரியாது. நீ கொடுத்திருந்த மூன்று ராடுகளில் இரண்டு முழுதாக இருந்தன. மூன்றாவதை அறுத்திருந்தார்கள், மேசைமேல் விரல் நீளத் துண்டுகளாகக் கிடந்தது. உன் மாமனார் இரண்டையும் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "டீ சாப்பிடுவீங்களா, இல்ல டீக்கும் ஏதாவது ரூல் இருக்கா?" என்றார். சாப்பிட்டேன். நல்ல டீ. அவர்மீது எனக்கு அன்றும் பகை இல்லை, இன்றும் இல்லை. அவருக்கு அது என்னவென்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நீ.

திரும்பி வந்த ராடுகளுக்குச் சிவப்பு அட்டை கட்டித் தனி அறையில் பூட்டினேன். ஒரு வாரம் நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்த உலோகத்தை அப்படியே ஒருவர் உடம்புக்குள் அனுப்ப முடியாது. மஞ்சுநாத், "சார், ராடுக்கும் குவாரண்டைன் மாடிட்டீங்களா?" என்று கன்னடம் கலந்து கேட்டுச் சிரித்தான், ராடைத் தனிமைப்படுத்திவிட்டீர்களா என்று. மாதிரி வெட்டிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். அறுபட்ட மூன்றாவது ராடு பற்றி நம் சுங்க ஆலோசகரிடம் சொன்னபோது அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார், எனக்காக. "ஒரே ஒரு ராடு சார். கழிவுல சேத்துடுங்க. லேத்ல சீவும்போது பாதி சுருள் சுருளாத்தானே போகுது, யாரு எடை போட்டுப் பாக்கப் போறா?" அவர் சொன்னது முழுக்கச் சரி. நம் தொழிலில் ஒரு ராடு காணாமல் போவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. சலுகையால் நான் கட்டாமல் விட்ட வரியை அந்த ஒரு ராடுக்கு வட்டியோடு கட்டிவிட்டு, கடிதம் ஒன்று எழுதி எடுத்துக்கொண்டு சுங்க அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாராவது கம்ப்ளெய்ன்ட் குடுத்தாங்களா?"

"இல்லை."

"ஆடிட் ஏதாவது வரப்போகுதா?"

"எனக்குத் தெரிந்து இல்லை."

"மத்தே யாக்கே சார்?" என்றார் கன்னடத்தில். பிறகு எதற்கு என்று. நியாயமான கேள்வி. "நடந்தது, அதனால்" என்றேன். முத்திரை போட்டுக் கொடுத்தார்.

இதைத்தான் நீ "மாமாவை கஸ்டம்ஸ்ல மாட்டிவிட்டார்" என்று உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அந்தக் கடிதத்தில் உன் மாமனாரின் பெயர் இல்லை. கடையின் பெயர் இல்லை. உன் பெயரும் இல்லை. என் நிறுவனத்திலிருந்து ஒரு ராடு நிபந்தனைக்கு மாறாக வெளியேறியது, பொறுப்பு என்னுடையது, வரி கட்டப்பட்டது. இவ்வளவுதான் அதில் இருக்கிறது. என்றைக்காவது விசாரணை என்று வந்தால் வந்து நிற்கப்போவது நான் ஒருவன். ஆகவே மாட்டிவிட்டார் என்று சொல்வதை இன்றோடு நிறுத்து. அதை நான் வேண்டுகோளாகச் சொல்லவில்லை.

"மனுஷங்களைவிட ரூல்ஸ் பெருசு" என்று எழுதினாய் அல்லவா? வேலையில் சேர்ந்த புதிதில் உன் நிறுவனம் உனக்கு ஒரு மடிக்கணினி கொடுத்தது. நம் வீட்டுத் தொலைக்காட்சி பழுதான வாரம் உன் அம்மா அதில் ஒரு தொடரைப் பார்த்துக்கொள்ளவா என்று கேட்டாள். "அம்மா, இது கம்பெனி லேப்டாப். பாலிசி ஒத்துக்காது" என்று மூடிவைத்தாய். அவள் முணுமுணுத்தாள், எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. அரை மணி நேரம் ஒரு தொடர் ஓடினால் உன் நிறுவனம் கவிழ்ந்துபோகாது. உனக்கும் அது தெரியும். ஆனால் எதற்காகக் கொடுத்தார்களோ அதற்குத்தான் என்று நீயே வரம்பு வைத்துக்கொண்டாய். உன் நிறுவனத்தின் மடிக்கணினிக்கு இருக்கும் மரியாதை உன் அப்பாவின் பட்டறையில் இருக்கும் ராடுக்கு ஏன் இல்லை என்று யோசித்துப் பார்த்தேன். பட்டறை நம்முடையது என்பதால்தானே? நம்முடைய இடத்தில் இருப்பதெல்லாம் நம்முடையது என்று நினைத்துவிட்டாய். பூட்டும் சாவியும் நம்முடையவை. அந்த ராடு பாதி நம்முடையது. மீதிப் பாதிக்கு நாம் சொல்லைக் கொடுத்திருக்கிறோம்.

உன் தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்பதும் நாங்கள் பெங்களூர் ஒக்கலிபுரத்தில் குடியிருந்தோம் என்பதும் உனக்குத் தெரியும். ரயில்வேக்காரர்களுக்குக் குடும்பத்தோடு இலவசமாகப் பயணம் செய்ய பாஸ் கொடுப்பார்கள். அவர், அவர் மனைவி, பிள்ளைகள். வேறு யாருக்கும் இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். மெட்ராஸில் ஒரு உறவுக்காரக் கல்யாணம். என் சித்தப்பா மகனும் வருவேன் என்று அழுதான். அவனுக்கு டிக்கெட் எடுக்கச் சித்தப்பாவிடம் பணம் இல்லை. அவனுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே உயரம். பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தார்கள்: பாஸில் இருக்கும் என் பெயரில் அவன் போவது, நான் அடுத்த முறை போவது. அவன் போனான். நான் சித்தியோடு வீட்டில் இருந்தேன். அதுகூடப் பரவாயில்லை. அவர்கள் திரும்பும் வரை நான் தெருவில் தலைகாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தெரு முழுக்க ரயில்வே குடும்பங்கள். நான் மெட்ராஸில் இருக்கிறேன் என்பது கணக்கு. என் நண்பர்கள் வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சன்னலுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து, மெட்ராஸில் கடல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக டிக்கெட் பரிசோதகர் பிடித்துவிட்டார், தாத்தா அவமானப்பட்டார் என்று முடிப்பார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. யாரும் பிடிக்கவில்லை. அவன் கடலில் கால் நனைத்துவிட்டு, எனக்குச் சுண்டல்கூட வாங்கிவராமல் திரும்பி வந்தான். கெடுதல் என்று சுட்டிக்காட்ட ஒன்றுமே இல்லை. என் பெயரில் வேறொருவன் போய் வந்தான், நான் என் தெருவிலேயே ஒளிந்திருந்தேன், அவ்வளவுதான். ஒரு காரியத்துக்கென்று வந்தது வேறு காரியத்துக்குப் போகும்போது யாரோ ஒருவர் சன்னலுக்குக் கீழே குனிந்து உட்கார வேண்டியிருக்கிறது. பீன்யாவில் நான் அப்படி உட்கார மாட்டேன். என்னுடைய அந்தத் தம்பி வேறு யாரும் இல்லை, பொதுவாகக் கட்டைவிரலை உயர்த்திய உன் திருச்சிச் சித்தப்பாதான். மறுக்க விரும்பினால் இதே குழுவில் மறுக்கட்டும்.

போன வாரம் நீ எலெக்ட்ரானிக் சிட்டியில் உன் நண்பனின் அறையிலிருந்து என்னை அழைத்தாய். கோபித்துக்கொண்டு அங்கே போன பிறகு அதுதான் முதல் அழைப்பு. நன்றாகப் படித்துவிட்டுத்தான் அழைத்தாய். அதில் எனக்கு மகிழ்ச்சி. "அப்பா, ரூல்ஸ்லயே வழி இருக்கு. யூஸ் பண்ணாத மெட்டீரியலை, குறைஞ்ச கஸ்டம்ஸ் டியூட்டியோட வித்தியாசத்தை வட்டியோட கட்டிட்டு, லீகலா வெளிய குடுக்கலாம். பணம் நான் கட்டறேன். மாமா கிளப்ல வாக்குக் குடுத்துட்டாரு, அவருக்கு அசிங்கமாப் போச்சு. அந்த ரெண்டு ராடைக் குடுத்துட்டு ஒரு ஸாரி சொல்லுங்க. எல்லாம் முடிஞ்சிடும்." நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். சரிபார்க்க வேண்டியிருந்தது. சரிபார்த்தேன். நீ சொன்னது சரி. அப்படி ஒரு வழி இருக்கிறது. ரூல்ஸ்தான் எனக்குப் பெரிது என்றால் அந்த நிமிடமே நான் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வழி எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று பார். ஆர்டர் ரத்தாகலாம், அளவு மாறலாம், உலோகத்தில் குறை இருக்கலாம். வாங்கியவனுக்கு அது பயன்படாமல் போகலாம். அவன் மூழ்கிவிடாமல் இருக்க ஒரு கதவு. அந்தக் கதவு வழியாகப் போக வேண்டுமானால் இந்த ராடுகள் எனக்குப் பயன்படவில்லை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவை பயன்படாதவை அல்ல. மருத்துவமனை ஆர்டர் ஒன்று காத்திருக்கிறது. அடுத்த சரக்கு இன்னும் கப்பலில் இருக்கிறது. ஆகவே அது பொய். மிகச் சின்னப் பொய். எந்த அதிகாரியாலும் எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்க முடியாத பொய். வரியும் வட்டியும் கட்டியிருப்பதால் அரசாங்கத்துக்குக்கூட நஷ்டமில்லாத பொய். கண்டுபிடிக்கக்கூடிய பொய்யாக இருந்தால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாம். இதைப் பார்த்துக்கொள்ள என்னைத் தவிர ஆள் இல்லை. அதனால்தான் சொல்ல மாட்டேன். இதற்குப் பெயர் ரூல்ஸ் என்றால், அது அரசாங்கம் எழுதியதல்ல. அந்த மண்டபத்தில் எழுந்து நின்று நானே எனக்குப் போட்டுக்கொண்டது.

மன்னிப்பு விஷயத்தில் ஒரு திருத்தம் செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன். அன்று பந்தியில் நான் திருட்டு என்று சொன்னேன். பிறகு நிதானமாக யோசித்ததில் அந்தச் சொல் துல்லியமானது அல்ல என்று தெரிந்தது. திருட்டு என்றால் அடுத்தவன் பொருளை எடுப்பது. ராடு என் பட்டறையுடையது, எடுத்தவன் என் மகன், பெற்றுக்கொண்டவருக்கு விவரம் தெரியாது. ஆகவே அந்தச் சொல்லை இந்தக் குழுவில் உள்ள அனைவர் முன்னிலையிலும் திரும்பப் பெறுகிறேன். அதன் இடத்தில் வைக்க வேண்டிய சொல் வாக்குத் தவறுதல். அது திருட்டைவிட மோசம் என்பது என் கருத்து. ஆனால் அது உனக்கும் எனக்கும் உரியது, உன் மாமனாருக்கு அதில் பங்கில்லை. இதை அவரிடம் நீ சொல்லலாம். இதை மன்னிப்பு என்று அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்.

உன் அம்மா இப்போது என்னிடம் முழு வாக்கியமாகப் பேசுவதில்லை. சாப்பாடு. சாவி. கரண்டு பில். நேற்று மட்டும் ஒரு முழு வாக்கியம் வந்தது: "ஒரு ஸாரி சொன்னா உங்க வாய் தேஞ்சா போயிடும்?" தேயாது. சொன்னால் மூன்று நிமிடத்தில் எல்லோரும் சிரித்துவிடுவீர்கள் என்பதும் தெரியும். பிறகு அடுத்த தீபாவளிக்கு உன் மாமனார் வேறொன்று கேட்பார், அன்போடுதான் கேட்பார். அதற்கடுத்த வருஷம் அவருடைய நண்பர் கேட்பார். நம் பட்டறையில் ராடு கிடைக்கும் என்று ஜே.சி. ரோட்டில் ஒரு பேச்சு உண்டாகும். நீ திருமணம் செய்துகொள்ளப் போகிறவன். ஆகவே இதை உனக்குச் சொல்கிறேன். இனி உன்னைச் சுற்றி, மனம் கோணாமல் வைத்துக்கொள்ள வேண்டியவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும். அவர்களுக்குக் கொடு. உன் சம்பளத்தைக் கொடு, உன் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடு, உன் காரைக் கொடு. உன் கையில் இருக்கிறது, ஆனால் வேறொருவருக்காக வைத்திருக்கிறாய் என்றால், அதைக் கொடுத்து நல்ல பெயர் வாங்காதே. அந்த நல்ல பெயருக்கு விலை கொடுப்பது நீயாக இருக்காது, வேறு யாரோவாக இருக்கும். அது உன் வீட்டுக்காரியாகவும் இருக்கலாம்.

உன் வருங்கால மனைவி மிருதுளா என்னை அழைத்தாள். நீ சொல்லி அழைத்தாளா என்று கேட்டேன். "இல்ல அங்கிள், அவனுக்குத் தெரியாது" என்றாள். இப்போது தெரிந்துவிட்டது. "ஒரு டவுட் அங்கிள். விவேக் முன்னாடியே உங்ககிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்போ அவன் கேக்காம எடுத்தது லாஜிக்தான்" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு சொன்னாள்: "எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு. ஸாரிங்கற வார்த்தையே அவருக்குத் தெரியாது. உங்க ரெண்டு பேருக்கும் நல்லா செட் ஆகும், பாருங்க." என்னை மன்னிப்புக் கேட்கும்படி அவள் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. உன்னைவிட உன் தேர்வு புத்திசாலித்தனமாக இருக்கிறது.

சோதனைக்கூடத்தின் அறிக்கை வந்துவிட்டது, உலோகத்தில் குறையில்லை. இன்று காலை நானே போய்ச் சிவப்பு அட்டைகளை அவிழ்த்து இரண்டு ராடுகளையும் மஞ்சுநாத்திடம் கொடுத்தேன். இந்தக் கடிதத்தை என் அறையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது ராடு லேத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தம் கேட்கிறது. முதல் ராடு ஏற்கெனவே தொடை எலும்புக்கான திருகாணிகளாகிவிட்டது. ஆகவே வரி கட்ட உன் பணம் தேவையில்லை. அதைத் தேன்நிலவுக்கு வைத்துக்கொள். கொடுப்பதா வேண்டாமா என்று இனி யாரும் என்னிடம் பேச முடியாது, நான் மனம் மாறினாலும் முடியாது. பேசுவதற்குப் பொருள் இல்லாமல் செய்துவிட்டுத்தான் இதைப் பதிகிறேன்.

இனி மீதி இருப்பது உன் திருமணம். வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். கல்யாணப் பத்திரிகையில் அழைப்பவன் என்று அச்சாகியிருப்பது என் பெயர். நானே அழைத்துவிட்டு நானே வராமல் இருப்பது முறையாகாது. வருவேன். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே, உன் அம்மா எடுத்துவைத்திருக்கும் பட்டு வேட்டியில் வருவேன். வாசலில் நீ தடுத்தால் வாசலிலேயே நின்று வருகிறவர்களை வரவேற்பேன். அதுவும் மாப்பிள்ளையின் அப்பா செய்ய வேண்டிய வேலைதான். உள்ளே விட்டால் மேடையில் எனக்கு உரிய இடத்தில் நிற்பேன். உன் மாமனார் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவர் திரும்புகிற பக்கத்தில் போய் நின்று வணக்கம் சொல்வேன். மறுபடியும் திருப்பினால் மறுபடியும் போவேன்.

உன் அப்பா